மூன்று மாதம்தான் என்று சொன்ன நாயை வீட்டுக்குக் கூட்டி வரலாமா?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எங்களுக்குக் கோபி பக்கம் தோட்டம். நான், வீட்டுக்காரர், 74 வயதான மாமியார் என்று மூன்று பேர்தான். பையன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். தோட்டத்தில் ஐந்து வயது நாட்டு நாய் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. போன வாரம் ஈரோட்டில் நாய்களை மீட்டுக் காப்பாற்றும் பிள்ளைகள் சிலர், பைபாஸ் ஓரம் யாரோ விட்டுவிட்டுப் போன வயதான பெண் லேப்ரடார் ஒன்றை ஃபாஸ்டராக, அதாவது தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள, எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வயது இருக்குமாம். கிட்னி போய்விட்டது, மடியில் கட்டியும் இருக்கிறது, மூன்று மாதம் தாங்கினால் அதிகம் என்று சொன்னார்களாம். போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமியார், "சாகப் போறதை எதுக்கு வீட்டுக்குக் கொண்டாரணும்" என்கிறார். வீட்டுக்காரர், "கடைசியில நீதான் அழுதுட்டு உக்காந்திருப்ப" என்கிறார். எங்கள் நாய்க்கு ஏதாவது ஒட்டுமா? வலியில்லாமல் சாக வைக்கிற ஊசி போட வேண்டி வந்தால் அதை நான் எப்படி முடிவு செய்வது? எடுக்கலாமா வேண்டாமா என்று நேராகச் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம் வட்டம்)

பதில்:

வணக்கம்ங்க. நேராகவே சொல்லிவிடுகிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாளைக்கே போய் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்த மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும், அந்தப் பிள்ளைகளிடம் சில விஷயங்களைப் பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் உங்கள் மாமியாரோடு நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு வாரத்தில் முடிகிற வேலைதான்.

ரோட்டோரம் கிடந்த நாய் என்கிறீர்கள். எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. உடம்பில் நீர் வற்றிப்போன நாய்க்கு அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்தால், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியாவும் கிரியேட்டினினும் ஏறித்தான் இருக்கும். அது கிட்னி நாள்பட்டுப் பழுதானதால் ஏறியதா, வெறும் வறட்சியால் ஏறியதா, எலிக்காய்ச்சலால் ஏறியதா என்பதை ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. நம் பக்கம் எலிக்காய்ச்சலை மறக்கவே கூடாது. கீழ்பவானி வாய்க்காலும் தடப்பள்ளி வாய்க்காலும் பாய்கிற நெல் பூமி இது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரைக் குடித்த நாய்க்குக் கிட்னி திடீரென்று அடிவாங்கும், ஆனால் சரியான ஆன்டிபயாட்டிக்கும் டிரிப்ஸும் நேரத்தில் கொடுத்தால் அதில் மீண்டு வருகிற நாய்கள் உண்டு. உண்ணிக்காய்ச்சலும் கிட்னியைக் கெடுக்கும், அதற்கும் மருந்து உண்டு. அதனால் நான்கைந்து நாள் டிரிப்ஸ் ஏற்றி, நாய் நீர்ச்சத்துக்குத் திரும்பிய பிறகு மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். கூடவே பாஸ்பரஸ், சிறுநீரின் அடர்த்தி, சிறுநீரில் புரதம் போகிறதா, ரத்த அழுத்தம், முடிந்தால் வயிற்று ஸ்கேன். ஈரோட்டில் இதெல்லாம் ஒரே இடத்தில் அமையவில்லை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1985-இல் தொடங்கியது, கோழிக்கும் மாட்டுக்கும் மட்டும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அங்கே நாய்களையும் பார்க்கிறார்கள்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.4-இலிருந்து 2.8-க்குள் வந்து நின்றால் அது கிட்னி நோயில் இரண்டாம் கட்டம். அந்த நாய் நல்ல கவனிப்பில் வருடக் கணக்கிலும் இருக்கும். 2.9-இலிருந்து 5 வரை மூன்றாம் கட்டம். 5-க்கு மேலே நான்காவது, அங்கேதான் மாதம், வாரம் என்று எண்ண ஆரம்பிப்போம். மடியில் இருக்கிற கட்டியைப் பார்த்தும் உடனே பயந்துவிடாதீர்கள், கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்களுக்கு வருகிற மடிக் கட்டிகளில் கிட்டத்தட்டப் பாதி சாதுவானவை. வெடித்துப் புண்ணாகாமல், வேகமாகப் பெரிதாகாமல் இருந்தால், கிட்னி இருக்கிற நிலையில் அதை அப்படியே விட்டு வைப்பதே புத்திசாலித்தனமாக இருக்கலாம். பிறப்புறுப்பில் ரத்தம் கசிகிற கட்டி வைத்துக்கொண்டு வருகிற தெரு நாய்களையும் "கேன்சர், அவ்வளவுதான்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் பெரும்பாலானவை இனச்சேர்க்கையால் பரவுகிற ஒரு கட்டி, வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று நான்கு முதல் ஆறு வாரம் போட்டால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகிவிடும். குணமாகிற நாயைக் கடைசிக் கால நாய் என்று பெயர் வைத்து ஓரமாகப் படுக்க வைப்பதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. அதனால்தான் இதை இவ்வளவு இழுத்து எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. மூன்று மாதம் என்று மனசைத் தயார் செய்துகொண்டு எடுப்பவர்களுக்கு, அந்த நாய் இரண்டு வருடம் இருந்தால் அதற்கான தயாரிப்பு இருப்பதில்லை. நான்காவது மாதம் வந்து, "டாக்டர், இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு அவர்களே குற்ற உணர்ச்சியில் தலையைக் குனிந்துகொள்வார்கள். கெட்டவர்கள் இல்லை, களைத்துப் போனவர்கள். வீட்டுக்கு வந்த ஒறம்பரையை எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கிற பழக்கம் நம் பக்கம் கிடையாது. இந்த நாயையும் அப்படி வைத்துக்கொள்ள முடியுமா என்று இப்போதே வீட்டுக்காரரோடு பேசிவிடுங்கள்.

அடுத்தது அந்தப் பிள்ளைகளிடம் பேச வேண்டியது. நல்ல மனசுக்காரர்கள்தான், ஆனால் ஒரே நேரத்தில் இருபது நாயை வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்காது. மருந்துச் செலவு யாருடையது, எதுவரை? எந்த டாக்டர்? ராத்திரி பதினொரு மணிக்கு வலிப்பு வந்தால் யாருக்குப் போன் செய்வது, அந்த ஆள் எடுப்பாரா? பையன் வீட்டுக்கு நீங்கள் ஒரு வாரம் போக வேண்டி வந்தால் நாய் எங்கே இருக்கும்? ஊசி போடலாம் என்கிற முடிவு உங்களுடையதா, அவர்களுடையதா, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தானா? இதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபாஸ்டர் என்றால் பொறுப்பு பாதி அவர்களிடம் இருக்கிறது என்று அர்த்தம், அடாப்ஷன் என்றால் முழுசும் உங்களுடையது. பல இடங்களில் ஃபாஸ்டர் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு இரண்டாவது மாதத்திலிருந்து போன் எடுக்காமல் போகிறார்கள். அப்படி நடந்து ஒருவர் நாயைத் திரும்ப ரோட்டில் கொண்டுபோய் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். வளர்த்த மிருகத்தைத் தவிக்க விடுவது 1960-ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்தான். அந்தச் சட்டம் முதல் தடவைக்கு எழுதி வைத்த அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். பன்னிரண்டு வயது லேப்ரடாரை பைபாஸில் இறக்கிவிட்டுப் போனவருக்கு அந்தச் சட்டத்தைப் பார்த்து என்ன பயம் வரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

உங்கள் நாட்டு நாய்க்குக் கிட்னி நோய் ஒட்டாது. ஆனால் ரோட்டிலிருந்து வந்த நாயோடு கூட வரக்கூடிய டிஸ்டம்பர் என்கிற வைரஸ் நோய், எலிக்காய்ச்சல், சொறி, உண்ணி எல்லாம் ஒட்டும். தோட்டத்து நாய்தானே என்று நிறையப் பேர் வெறிநோய்த் தடுப்பூசி மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள், உங்கள் நாய்க்கு மற்ற கூட்டுத் தடுப்பூசியும் போட்டிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் இந்த நாய் வருவதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். வந்த பிறகு முதல் இரண்டு வாரம் இரண்டும் ஒன்றை ஒன்று தொடாதபடி தனித்தனியாக இருக்கட்டும், தட்டும் தண்ணீர்ச் சட்டியும் தனி. உண்ணி மருந்தை ஈரோட்டிலேயே கொடுத்துவிட்டு அப்புறம் ஏற்றி வாருங்கள். எலிக்காய்ச்சல் மனிதருக்கும் வரும், அதனால் சிறுநீர் துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிளீச்சிங் கலந்த தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

வெறிநோயைப் பற்றி ஒரு வார்த்தை. முன்கதை தெரியாத நாய் என்பதால் அதற்குத் தடுப்பூசி கட்டாயம், வீட்டில் மூன்று பேரும் முன்கூட்டியே போட்டுக்கொள்வதும் நல்லது. வயதான நாய், வலியில் இருக்கிற நாய், கண் மங்கிக் காது கேட்காமல் போன நாய் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும், அது அதன் குணம் இல்லை. எழுப்ப வேண்டும் என்றால் தரையில் காலைத் தட்டி அதிர்வு கொடுத்துவிட்டுப் பக்கத்தில் போங்கள். பல்லோ நகமோ பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதையும் வைக்காமல் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.

இனி வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், அதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

கிட்னி நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய மூத்திரம் போகும். மூத்திரம் போகிறதே என்று தண்ணீரைக் குறைப்பதுதான் வீடுகளில் நடக்கிற முதல் தப்பு. கெட்டுப்போன கிட்னியால் சிறுநீரை அடர்த்தியாக்க முடியவில்லை, அதனால் தண்ணீர் வீணாக ஓடுகிறது, அதை ஈடுகட்டத்தான் அது குடிக்கிறது. சட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும், இரண்டு இடத்தில் வையுங்கள். படுக்கைக்கு ரெக்சின் விரிப்பு, அதற்கு மேலே பழைய சென்னிமலைப் போர்வை. துடைக்கவும் அடியில் போடவும் திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல பருத்தி, ஈரத்தை இழுக்கும், நனைந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். உங்கள் வீட்டில் டைல்ஸ் போட்டிருந்தால் அந்தக் கிழட்டு லேப்ரடாருக்கு அது பனிக்கட்டி மாதிரி. பின்னங்கால் விரிந்து ஒரு தடவை விழுந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்கவே பயப்படும். படுக்கையிலிருந்து வாசல் வரைக்கும் பழைய பவானி ஜமக்காளத்தை விரித்துவிடுங்கள், அந்த நெசவில் நகம் பிடிமானமாக நிற்கும். இதை என்னிடம் சொன்னவர் பவானியில் தறி ஓட்டிய ஒரு அம்மா, அதற்குப் பிறகு கால் தள்ளாடுகிற எல்லா நாய்க்கும் நான் இதைத்தான் சொல்லி வருகிறேன்.

தோலுக்கடியில் ஏற்றுகிற டிரிப்ஸை வீட்டிலேயே போடக் கற்றுக்கொடுப்பார்கள். கேட்டவுடன் கை நடுங்கும், நான்காவது நாள் நடுங்காது. பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், குளிர்ந்த தண்ணீர் ஏறினால் யாருக்குத்தான் பிடிக்கும். ஜன்னல் கம்பியில் மாட்டுங்கள். நாயைச் சுவரை ஒட்டிப் படுக்க வைத்து, தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, அந்தக் கூடாரத்தின் வாசலில் ஊசியைச் செருக வேண்டும். ஏறி முடிந்ததும் முதுகில் மாட்டுத் திமில் போல ஒரு மேடு நிற்கும், அது தொங்கி ஒரு பக்கமாகக் கீழே இறங்கும், சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும், பயப்படாதீர்கள். எத்தனை மில்லி, வாரத்துக்கு எத்தனை தடவை என்பதை டாக்டர் எடையும் ரிப்போர்ட்டும் பார்த்துச் சொல்வார். இதயக் கோளாறும் சேர்ந்து இருந்தால் இது ஆபத்து, அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. உடம்பு சரியில்லாத நாய்க்கு எலும்புச் சூப், ஈரல் என்று நம் வீடுகளில் அன்பாகக் கொடுப்பார்கள். கிட்னி நாய்க்கு இரண்டும் வேண்டாம், பாஸ்பரஸ் அதிகம். கருவாடு, அப்பளம், ஊறுகாய் பட்ட சோறு வேண்டாம், உப்பு. அரிசியும் பருப்பும் சாதம் மிஞ்சினால் நாய்க்குப் போடுவோம், அதில் சின்ன வெங்காயமும் பூண்டும் இருக்கிறது, இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், கிட்னி நாய்க்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. வெள்ளைச் சோறு, முட்டையின் வெள்ளைக்கரு, கொஞ்சம் எலும்பில்லாத வேகவைத்த கோழி, வெந்த பூசணி, இப்படி ஆரம்பியுங்கள். கிட்னிக்கென்று வருகிற தயாரித்த உணவு கட்டுப்படியானால் அது இன்னும் மேல். தட்டைக் கொஞ்சம் சூடாக்கிக் கொடுத்தால் வாசனைக்காவது வரும். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் அது வாய் ருசி கேட்பது இல்லை, குமட்டல். வாந்தியை நிறுத்துகிற மருந்து கொடுத்தால் பல நாய்கள் அன்றைக்கே சாப்பிடும். "சோறு பிடிக்கல, அடம் பண்ணுது" என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வலி மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வீட்டில் மாமியாருக்கு மூட்டு வலிக்கு வாங்கி வைத்திருக்கிற டைக்ளோஃபினாக், புரூஃபென், பாராசிட்டமால் எதுவும் இந்த நாய்க்குப் போகவே கூடாது. டைக்ளோஃபினாக்கை மாட்டுக்குப் போடுவதையே 2006-இல் தடை செய்துவிட்டார்கள். அந்த மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கிட்னி கெட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்தன. தமிழ்நாட்டில் அவை பெரும்பாலும் மிச்சமிருப்பது சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான். அது நாயின் கிட்னியையும் விடாது. வலிக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, டாக்டர் எழுதித் தருவார்.

ராத்திரி ஊளையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மாமியார் பயப்படப் போவது அதற்குத்தான். வயதான நாய்களில் சிலவற்றுக்கு மனிதருக்கு வருகிற மறதி நோய் மாதிரியே ஒன்று வரும். பகலெல்லாம் தூங்கி, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நடக்கும், மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நிற்கும், எப்படித் திரும்புவது என்று தெரியாமல் ஊளையிடும். எமன் வருகிறதைப் பார்த்து நாய் ஊளையிடுகிறது என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது எமனைப் பார்க்கவில்லை, இருட்டில் வழி தெரியாமல் கூப்பிடுகிறது. ஒரு சின்ன நைட் லேம்ப், ஒரே இடத்தில் மாறாத படுக்கை, சாயங்காலம் கொஞ்சம் நடை, இதிலேயே பாதி அடங்கும். அடங்காவிட்டால் மருந்து உண்டு.

மாமியாரிடம் எப்படிப் பேசுவது? முதலில், அவருக்குத் தெரியாமல் கொண்டுவந்து கட்டுத்தரைப் பக்கம் கட்டி வைத்துவிட்டு மெதுவாகச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். பகலில் நீங்களும் வீட்டுக்காரரும் காட்டு வேலைக்குப் போனால் வீட்டில் இருக்கப் போவது அவரும் அந்த நாயும்தான். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 74 வயதில் அந்த வார்த்தை நாய்க்காக மட்டும் வருவதில்லை, உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். நம் பக்கம் உழுத காளை கிழடானதும் சந்தைக்கு ஓட்டியவர்களும் உண்டு, கஷ்டம், வேறு வழி இல்லை, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருடம் ஏர் இழுத்த காங்கேயம் காளையை விற்காமல் கட்டுத்தரையிலேயே வைத்து, பல் போன பிறகு தவிட்டுக் கஞ்சி ஊற்றி, செத்ததும் சொந்தக் காட்டிலேயே குழி வெட்டிப் புதைத்த குடும்பங்களும் இருந்தன. எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் அப்படி ஒரு காளை கடைசி ஆறு மாதம் எழுந்திருக்காமல் கிடந்தது. அமுச்சி (அம்மாவின் அம்மா) காலையும் மாலையும் அதைப் புரட்டிப் போட ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். உங்கள் மாமியாரிடம் இந்த நாயைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்காமல், அவர் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் இருந்த காளைகள் கடைசியில் என்ன ஆயின என்று கேளுங்கள். நான் பார்த்த வரையில், ஃபாஸ்டர் நாய்க்கு நேரம் தவறாமல் மாத்திரை கொடுப்பவர்கள் முதலில் வேண்டாம் என்று சொன்ன இந்தப் பெரியவர்கள்தான். அதையும் மீறி அவர் முடியாது என்று சொன்னால், அதை மதித்துவிடுங்கள். வேண்டாதவர் ஒருவர் வீட்டில் இருக்கும்போது சீக்கு நாயைப் பார்த்துக்கொள்வது நாய்க்கும் நல்லதில்லை.

வீட்டுக்காரர் சொன்னது சரி. நீங்கள் அழத்தான் போகிறீர்கள். அழுவது ஒரு காரணமா என்பதுதான் கேள்வி.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர், மனைவி இறந்து தனியாக இருந்தவர், இதய வால்வு கெட்டுப்போன ஒரு கிழட்டுப் பொமரேனியனை இப்படி எடுத்தார். ஆறு மாதம் என்று நானே சொல்லியிருந்தேன். அந்த நோயில் நாய் நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும், முப்பதுக்குள் இருக்க வேண்டும், ஏறினால் நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். அவர் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவார். 22. 24. 24. 23. 26. ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தத் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். ஒருநாள் விடியற்காலை நான்கரைக்குப் போன் வந்தது, "38 சார்" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. நீர் இறங்குகிற மாத்திரையின் அளவைக் கூட்டச் சொன்னேன், ஒன்பது மணிக்கு நாய் நடந்து உள்ளே வந்தது. பதினான்கு மாதம் இருந்தது. ஒரு ஃபாஸ்டர் வீட்டிடம் நான் எதிர்பார்ப்பது அந்த 38-ஐத்தான். நாயைக் காப்பாற்றுவது உங்கள் வேலை இல்லைங்க, அது என்னாலேயே முடியாது. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கவனிக்க அதற்கென்று ஒரு ஆள் இருக்க வேண்டும், ஷெல்டரில் அறுபது நாய்க்கு நடுவே அது நடக்காது. அந்தப் பொமரேனியன் போன மூன்றாவது வாரம் மிச்ச மாத்திரை அட்டையை வேறு நாய்க்கு ஆகும் என்று கொண்டுவந்து கொடுத்தார். அழுதுகொண்டேதான் கொடுத்தார். அடுத்த நாயை எடுக்க ஒரு வருடம் ஆயிற்று, எடுத்தார்.

கடைசி முடிவைப் பற்றி. இந்தியாவில் மீள முடியாத நோயில் துன்பப்படுகிற மிருகத்தைக் கால்நடை மருத்துவர் கையால் வலியில்லாமல் தூங்க வைப்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எப்போது என்பதுதான் கஷ்டம். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஒரு கணக்கு வகுத்து வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயம், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும், மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். வாரம் ஒரு தடவை நீங்களும் வீட்டுக்காரரும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே இருப்பவர்களுக்குச் சரிவு தெரியாது, அதனால்தான் எழுத வேண்டும். காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு புள்ளி, கெட்ட நாளுக்கு ஒரு கோடு. கோடுகள் வரிசையாக வர ஆரம்பித்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள், எல்லாம் முடிந்து வாயில் நுரை வருகிற வரைக்கும் காத்திருக்காதீர்கள். என் சொந்த நாய்க்கு மண்ணீரலில் கட்டி. நாள் வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். தங்கை மகள் பரீட்சை முடித்துவிட்டு வந்து பார்க்கட்டும் என்று நான்கு நாள் தள்ளிப் போட்டேன். மூன்றாவது ராத்திரி கட்டி உடைந்து, விடிகிற வரைக்கும் அது பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. இருபத்தேழு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், தெரிந்தே செய்த தப்பு அது.

ஊசி போடும்போது என்ன நடக்கும் என்றும் சொல்கிறேன். முதலில் மயக்கத்துக்கு ஒரு ஊசி, நாய் தூங்கிவிடும். அப்புறம் நரம்பில் அளவுக்கு மீறிய மயக்க மருந்து, சில நிமிடத்தில் இதயம் நிற்கும். கண் மூடாது, திறந்தே இருக்கும். நின்ற பிறகும் ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம், மூத்திரம் போகலாம், அது வலி இல்லை. மயக்கம் கொடுக்காமல் நேராக வேறு ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சிக்கனமாக இருக்கலாம், ஆனால் அது கொடுமை. முடிந்தால் வீட்டுக்கே டாக்டரை வரச் சொல்லுங்கள், அதன் படுக்கையிலேயே நடக்கட்டும். பக்கத்தில் இருக்க முடியாது என்றால் மயக்கம் வருகிற வரைக்குமாவது இருங்கள்.

தோட்டத்தில் புதைப்பதென்றால் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் தள்ளி, ஆள் இடுப்புக்கு மேலே ஆழம். ஊசி போட்ட உடலில் மருந்து மிச்சம் இருக்கும், வேறு நாயோ நரியோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும். மேலே கல் வைத்துவிடுங்கள்.

சரி, இப்போதைக்கு இவ்வளவு போதும். இந்தச் சனிக்கிழமை போய் அந்த நாயோடு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள், மாமியார் வருகிறேன் என்றால் அவரையும் கூட்டிப் போங்கள். ரத்த ரிப்போர்ட்டை, தேதி தெரிகிற மாதிரி, போட்டோ எடுத்து அனுப்புங்கள். எந்த நாள் எடுத்தது, டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டு அதையும் எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.